ஆறு வருடமும் ஒரே கண்

ஆய்வுக் கப்பல்
மார்ச் 2

கரை ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

மாதிரிப் பெட்டி நான்கு இந்தப் படகில் வருகிறது. உள்ளே கடல்நீரை வடித்தெடுத்த நாற்பத்தெட்டு வடிதாள்கள், உறைநிலையில். போன மூன்று பெட்டிகளையும் ஆய்வக வாசலில் வைத்து வெயில் காட்டினீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அனுப்பும்போது தாளில் இருந்த பச்சை, உங்கள் அறிக்கையில் காணாமல் போயிருக்கிறது. இந்த முறையாவது பெட்டி இறங்கியதும் உறைபெட்டிக்குள் போகட்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

ஏசி அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து உங்களுக்குக் கடல் மறந்துபோயிருக்கும். அதனால் ஒன்றாம் பாடத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஒரு வெதுவெதுப்பான நீர்ச்சுழலின் நடுவில். நூற்றைம்பது கிலோமீட்டர் அகலம். மேலே நின்று பார்த்தால் சுற்றுவதே தெரியாது. ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர்கூட நகராததால் மாலுமிகள் இதற்குச் ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ரகச் சுழலில் மேல்நீர் நடுவில் சேர்ந்து கீழே அமுங்கும். அடியில் இருக்கும் சத்து மேலே வராது. சத்து இல்லாவிட்டால் நுண்பாசி வளராது. பாசி இல்லாத நீர் தெளிவாக இருக்கும். புத்தகம் இவ்வளவுதான் சொல்கிறது.

நான் பார்ப்பது வேறு. வருடா வருடம் இதே பகுதியில் இதே ரகச் சுழல் பிறக்கிறது. நடுப்பகலில் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறேன். முதல் வருடம் முப்பத்து மூன்று மீட்டரில் மறைந்தது. பிறகு முப்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்தேழு, இருபத்து நான்கு. இந்த வருடம் இருபத்தொன்று. தெளிந்த சுழல்கள் கலங்கிக்கொண்டு வருகின்றன. இதை இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் சொல்லப் போகிறேன்.

அதற்கு உங்கள் ஒளிமானியின் அளவுகளும் வடிதாள் அளவுகளும் குறுக்கே நிற்கின்றன. ஒளிமானியை நீங்கள் கரையில் சரியாகத் தரப்படுத்தவில்லை, தாள்களைக் கெடுத்துவிட்டீர்கள், இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு தரவுப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஏப்ரல் இருபதாம் தேதி குழு கூடுகிறது. அடுத்த மூன்று வருடம் கப்பல் யாருக்கு என்பதை அன்றுதான் முடிவு செய்கிறார்கள். படிவம் இல்லாமல் என் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் கப்பல் இல்லை. இது உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

தலைமை ஆய்வாளர்


கரை ஆய்வகம்
மார்ச் 9

தலைமை ஆய்வாளர் அவர்களுக்கு,

பெட்டி நான்கு வந்தது. திறந்தபோது உள்ளே மைனஸ் எழுபத்தாறு. எந்த நேரத்தில் வந்தது, யார் வாங்கினார், யார் உறைபெட்டியில் வைத்தார், எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன். முதல் மூன்று பெட்டிகளுக்கும் சேர்த்தே இணைத்திருக்கிறேன், நீங்கள் இன்னொரு கடிதம் வீணாக்க வேண்டாம் என்று.

தாளில் பச்சை இல்லை. தோய்த்துத் தோய்த்து வெளுத்த சட்டைக் காலர் மாதிரி இருக்கிறது. இல்லாத பச்சையை நான் எங்கே போய்த் தேடுவது? போன வருடமும் இப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான். பாசி எல்லாம் தொண்ணூறு மீட்டருக்குக் கீழே மெல்லிய அடுக்காக இருக்கிறது, புத்தகம் சொல்கிறபடியே.

ஒளிமானியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பின்னும் நானே இருட்டறையில் விளக்கின் முன் வைத்துச் சரிபார்க்கிறேன். ஆறு வருடத்தில் அது அரை சதவீதம்கூடப் பிசகவில்லை. தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அது சொல்கிற கணக்கில், ஆறு வருடமும் ஒரே தெளிவுதான். ஆக சாட்சிகள் மூன்று பேர். இரண்டு பேர் ஒரே பேச்சு பேசுகிறார்கள். நீங்கள் மட்டும் தனியாக நிற்கிறீர்கள்.

எனவே நான் கேட்கிறேன். தட்டைக் கப்பலின் நிழல் பக்கம்தானே இறக்கினீர்கள்? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினீர்களா? இல்லை, அறையை விட்டு வெளியே வர மனமில்லாமல், போன வருட எண்ணில் இரண்டைக் கழித்து எழுதிவிட்டீர்களா? வருடத்துக்கு இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று கடல் இவ்வளவு ஒழுங்காகக் கலங்கி நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று. போன வருடம் அப்பா போனபோது மூன்று நாள் கழித்து வந்து, “கப்பல் திரும்ப நேரமாயிடுச்சு” என்றீர்கள். அப்பாவுக்கு நேரமானது உங்களுக்கு அன்றுதான் தெரியும். எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும், கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். என் வேலையில் அக்கறை இல்லை என்று எனக்கு எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். எடுக்க மாட்டேன்.

பொறுப்பாளர்


கப்பல்
மார்ச் 16

அவர்களே,

அறைக்குள் உட்கார்ந்து எண் போட்டேன் என்றா எழுதுகிறாய்? நீங்களாவது வெங்காயமாவது. நீ என்றே எழுதுகிறேன். ஆறு வருடம், ஒவ்வொரு நாளும் நடுப்பகலில், இரும்புத் தளத்தில் முட்டி போட்டு, விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து பார்க்கிறேன். நிழல் பக்கம்தான். கண்ணாடி போடாமல்தான். தட்டு மறையும் இடம் ஒன்று, மேலே இழுத்தால் திரும்பத் தெரியும் இடம் ஒன்று, இரண்டுக்கும் நடு. முட்டியில் காய்த்துப் போயிருக்கிறது, வேண்டுமானால் புகைப்படம் அனுப்புகிறேன்.

உன் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துப் பார். “ஆள் மாறினால் அளவு மாறும். ஒரு தொடரை முழுக்க ஒரே ஆள் பார்ப்பது நல்லது.” எழுதியது யார்? நீ. அதை எழுத்துக்கு எழுத்து கேட்டு நடந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். வேறு யாரையும் தட்டுப் பக்கம் விட்டதே இல்லை. ஆறு வருடமும் ஒரே கண். இவ்வளவு சுத்தமான தொடர் வேறு எவரிடமாவது இருக்கிறதா, காட்டு.

மற்றவர்களிடம் விட்டால் என்ன ஆகும் என்று உனக்குப் புரிய வேண்டுமென்றே போன செவ்வாய்க்கிழமை தளத்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கயிறு, கப்பி, பாரந்தூக்கி எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர்தான், ஆனால் அறிவியல் என்றால் கிலோ என்ன விலை என்பார். நான் பார்த்தபோது இருபத்தொன்றில் தட்டு மறைந்துவிட்டது. அவர் குனிந்துகொண்டு, “சார், இன்னும் தெரியுது சார். பளிச்சுனு தெரியுது. விடுங்க, இன்னும் விடுங்க” என்று கயிற்றை விட்டுக்கொண்டே போகிறார். எங்கே போய் நின்றார் தெரியுமா? முப்பத்து மூன்று! இரண்டாம் தடவை முப்பத்து இரண்டரை. மூன்றாம் தடவை மறுபடி முப்பத்து மூன்று. “உங்களுக்குக் கயிற்று முடிச்சு எண்ணத் தெரியல, போங்க” என்று அனுப்பிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அந்த எண்களை இதோடு வைத்திருக்கிறேன். ஆள் மாறினால் எவ்வளவு கேவலமாகும் என்பதற்கு உன் கையேட்டில் சேர்த்துக்கொள்.

இந்தக் கப்பலில் ஒருத்தருக்கும் ஒழுங்கு இல்லை. புதுக் கேப்டன் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று நடைபாதை விளக்கையெல்லாம் பாதியாகக் குறைத்துவிட்டார். தேநீர்க் கோப்பையை இடது கைப்பக்கம் வைத்துத் தொலைக்கிறார்கள், தட்டிவிட்டுத் தட்டிவிட்டு மூன்று பதிவேடு நாசம். நேற்று படிக்கட்டுக்குப் பக்கத்தில் வாளி. யார் இதை இங்கே வைத்தது என்று கேட்டால் அது எப்போதும் அங்கேதான் இருக்கிறதாம். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. பதிவுத் தாளின் அச்சையும் இந்த வருடம் சின்னதாக்கி இருக்கிறாய், தாள் மிச்சம் பிடிக்கவா?

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கப்பலில் இருந்ததால்தான் நீ நல்ல பிள்ளை ஆனாய். அதற்கு எனக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் நேராக இயக்குநருக்கு எழுதுவேன்.


கரை
மார்ச் 23

தம்பி,

அவர்களே, இவர்களே எல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து படி.

உன் கடிதத்தை மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை படித்தபோது கிழித்துப் போடலாமா என்று இருந்தது. இரண்டாம் தடவை மேஸ்திரியின் எண்களை எடுத்து ஒளிமானியின் எண்களோடு சேர்த்து வைத்தேன். ஒளிமானியின் கணக்குப்படி அன்று தட்டு மறைய வேண்டிய ஆழம் முப்பத்து மூன்று. முடிச்சு எண்ணத் தெரியாத அந்த மனிதர் மூன்று தடவையும் அங்கேதான் போய் நின்றிருக்கிறார். மூன்றாம் தடவை நான் படிக்கவில்லை, எழுத்தை மட்டும் பார்த்தேன். கோடு போட்ட தாள். ஒரு வரிகூடக் கோட்டில் நிற்கவில்லை. இடது ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டு விட்டு ஆரம்பிக்கிறாய். அங்கே தாள் இருப்பதே உனக்குத் தெரியவில்லை.

கடல் கலங்கவில்லை. உன் கண் மங்குகிறது. ஆறு வருடமாக நீ அளந்தது சோம்பேறியை இல்லை, உன்னை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. “யார் இதை இங்கே வைத்தது?” இது யாருடைய பேச்சு என்று யோசித்துப் பார். செருப்பு வாசலில் இருந்தாலும், முக்காலி வைத்த இடத்தில் இருந்தாலும், அப்பா இடித்துக்கொண்டு, “யார் இதை இங்க வச்சது?” என்று என் மேல்தான் பாய்வார். நீயும் அன்று வீட்டில் இருந்தாய். “அவருக்குக் கண்ணு தெரியலடா” என்று நான் சொன்னபோது, “நீ எல்லாத்தையும் பெரிசு பண்ணுவே” என்றாய். அப்புறம் அப்பா ஓட்டிய பேருந்து பணிமனைச் சுவரில் ஏறியது. நடத்துநரின் கால் இரண்டாக ஒடிந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவை முறையாகக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நம் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “இது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுற நோய். வழிவழியா வரும். நாப்பது தாண்டினா நீங்க ரெண்டு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்.” நான் வருடா வருடம் போகிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை. உனக்குக் கப்பல் இருந்தது.

கப்பல் ஏறும் முன்பு ஜனவரியில் உனக்கும் கண் பரிசோதனை நடந்திருக்கும். அந்தச் சுவரில் இருக்கும் எண் அட்டையை நீ வாசித்தாயா, ஒப்பித்தாயா?

அடுத்த படகில் இறங்கி வா. இல்லாவிட்டால் தரவுப் படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் காரணத்தை எழுதிவிடுவேன். அதைப் படித்த பிறகு உன்னை ஒருவரும் எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.


கப்பல்
மார்ச் 30

என் கட்டுரையை நிறுத்த உனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. செத்துப்போன மனிதரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வருகிறாய். அலையில் ஆடும் கப்பலில் உட்கார்ந்து எழுதினால் வரி கோணத்தான் செய்யும். நீ கடைசியாகக் கப்பல் ஏறி எத்தனை வருடமாகிறது? முதல் நாளே வாந்தி எடுத்து இறங்கியவள்தானே.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஜனவரியில் தேறிய சான்றிதழ் உன் அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள். குறிப்புக் கட்டத்தில் ஒரு வார்த்தை தவறாக ஏறினால், பழைய பகையை வைத்துத் தரவில் விளையாடுகிறாய் என்று இயக்குநரிடம் போவேன். உன் வேலையும் போகும்.

இனி எனக்கு எழுதாதே.


கரை
ஏப்ரல் 6

எழுதாதே என்று சொன்னால் எழுதாமல் இருக்க நான் உன் மாலுமி இல்லை, உன் அக்கா.

எடுத்துப் பார்த்துக்கொள் என்றாய், எடுத்துப் பார்த்தேன். அட்டையின் ஐந்தாம் வரி ஆறு, இரண்டு, எட்டு, மூன்று, ஐந்து. நீ சொன்னதாக மருத்துவர் எழுதியிருப்பது ஆறு, இரண்டு, மூன்று, எட்டு, ஐந்து. நடுவில் இரண்டு எண் இடம் மாறியிருக்கிறது. ஓரத்தில் ‘சிறு பிழை, தகுதி’ என்று எழுதி முத்திரை போட்டிருக்கிறார்.

இப்போது நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிப்ரவரியில் அப்பாவின் அலமாரியை ஒழித்தேன். ஓட்டுநர் சீருடைச் சட்டை ஒன்றை அவர் கடைசிவரை யாருக்கும் கொடுக்க விடவில்லை. அதன் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. ஏழு வரி எண்கள். ஐந்தாம் வரி ஆறு, இரண்டு, மூன்று, எட்டு, ஐந்து. எழுத்து உன்னுடையது. ஓட்டுநர் கண் பரிசோதனைக்கும் கப்பல் பரிசோதனைக்கும் அதே மருத்துவமனைதான், அட்டையும் இன்றுவரை மாறவில்லை. அப்பா பார்த்து வாசித்துத் தேறினார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்துதான் உன்னை ‘அவர்கள்’ என்று எழுத ஆரம்பித்தேன். தம்பி என்று எழுத அப்போது எனக்கு வரவில்லை.

இரண்டு மனிதர்களின் கண் ஒரே வரியில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாகப் பார்க்காது. நீ வாசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதியதை ஒப்பித்திருக்கிறாய், தப்போடு சேர்த்து.

அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் அப்பா அன்றே பரிசோதனையில் தோற்றிருப்பார். அன்றே சொட்டு மருந்து ஆரம்பித்திருப்பார்கள். போன பார்வை திரும்பாது, ஆனால் மீதி இருப்பதைப் பிடித்து வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். “நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தாகூட” என்று அவர் சொன்னபோது நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாய். அப்போது எனக்குப் புரியவில்லை.

என் பங்கும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று எழுதியவள், அந்த ஆளை நடுநடுவே இன்னொருவரோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். ஆறு வருடமாக உன் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, சோம்பல் என்றும் திமிர் என்றும் நினைத்தேன். ஒரு தடவையாவது, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

குறிப்புக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பதினேழாம் தேதி படிவத்தை ஏற்றியாக வேண்டும். பொய் எழுத மாட்டேன், உனக்காகவும் மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தை நீ எழுதினால் ஒரு மாதிரி, நான் எழுதினால் ஒரு மாதிரி.

என்னை நம்ப வேண்டாம். நாளை நடுப்பகலில் தட்டை இறக்கு. முதலில் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார். பிறகு இடதை மூடிக்கொண்டு பார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிடு. முடிச்சு எண்ணத் தெரியாது என்று சொன்னதற்கு அவரிடம் முதலில் மன்னிப்புக் கேள்.


கப்பல்
ஏப்ரல் 13

அக்கா,

ஜெயித்துவிட்டாய் என்று குதிக்காதே.

நீ சொன்னதை நாலு நாள் செய்யவில்லை. ஐந்தாம் நாள் செய்தேன். அலை இல்லை, மேகம் இல்லை, சுழலின் சரியான நடு. மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முடிச்சுகளை அவர் எண்ணினார், நான் சரிபார்க்கவில்லை.

இரண்டு கண்ணும்: 21.
இடது கண்ணை மூடி, வலது கண்ணால்: 21.
வலது கண்ணை மூடி, இடது கண்ணால்: 6.
மேஸ்திரி: 33.

ஆறில் அது மறைந்தது என்று சொல்வதும் சரியில்லை. வெள்ளையாக ஏதோ இருந்தது, பிறகு இல்லை. மூன்று தடவை பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எத்தனை வருடமாக ஒன்றால் பார்க்கிறேனோ தெரியவில்லை. அந்த ஒன்றும் போய்க்கொண்டிருக்கிறது. முப்பத்து மூன்றிலிருந்து இருபத்தொன்றுவரை நானே வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட ஒழுங்காக எந்த மருத்துவரும் குறித்திருக்க மாட்டார்.

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார், எங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்” என்றார். “அப்புறம் ஏன்யா சொல்லல?” என்றேன். “நீங்க கோபப்படுவீங்களே சார்” என்றார். போன வருடத்திலிருந்து மாலுமிகள் நான் நடக்கும் வழியில் சாமான் வைப்பதில்லையாம். அந்த வாளி மட்டும் புதிதாக வந்த ஒருத்தர் வைத்தது, எப்போதும் அங்கேதான் என்று சமாளித்ததும் அவர்தான். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மேஸ்திரியையே கேட்டேன். “நீலம் சார். உள்ள பார்த்தா முடிவே இல்லாத நீலம். பாசி பூசி ஒண்ணும் கிடையாது” என்றார். சோம்பேறி, புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே இருக்கிறது. ஆறு வருடம் நான்தான் அதன் மேல் அபாண்டம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நீ நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்த வேண்டும். அப்பா கெஞ்சிக் கேட்டார், பிள்ளை மனமிரங்கி எழுதிக் கொடுத்தான் என்று நினைத்திருப்பாய். அப்பா கேட்கவே இல்லை. யோசனை என்னுடையது. அந்த வாரம்தான் எனக்கு முதல் கப்பலுக்கு உத்தரவு வந்திருந்தது. அப்பா பரிசோதனையில் தோற்றால் வேலை போகும், வேலை போனால் நான் வீட்டோடு நிற்க வேண்டி வரும். முந்தின நாள் வேறு ஏதோ சாக்கு சொல்லி அந்த மருத்துவமனைக்குப் போய் அட்டையைப் பார்த்து அவசரமாக எழுதிக்கொண்டு வந்தேன். அந்த அவசரத்தில்தான் இரண்டு எண் இடம் மாறியது. நீ வேலைக்குப் போயிருந்தாய். சமையலறையில் உட்கார்ந்து நான் சொல்ல, அவர் திரும்பச் சொன்னார். நடுவில் நிறுத்தி, “இது தப்பில்லையாடா?” என்று கேட்டார். “ஒரு வருஷம்தாம்பா. அடுத்த வருஷம் நிஜமாவே காட்டிக்கலாம்” என்றேன். ஐந்து மாதத்தில் சுவர் வந்துவிட்டது.

மூன்று நாள் தாமதமாக வந்ததற்குக் கப்பல் காரணம் இல்லை. கப்பல் முதல் நாளே துறைக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் துறையிலேயே ஓர் அறை எடுத்துப் படுத்திருந்தேன். வீட்டுக்குள் வர எனக்குத் தைரியம் இல்லை.

ஜனவரியில் அட்டையின் மூன்றாம் வரிக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தூக்கம் இல்லாததால் என்று சொல்லிக்கொண்டேன். வாய் தானாக ஒப்பித்தது. “அஞ்சாவது வரில கொஞ்சம் மாறிப்போச்சு, பரவாயில்ல” என்று மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவும் அன்று வீட்டுக்கு வந்து இதையே சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

குறிப்புக் கட்டத்தில் இதை எழுது: “ஆறு வருடத் தட்டு அளவுகளும் தவறு. பார்த்தவரின் கண் பார்வை இந்த ஆறு வருடத்தில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இவற்றை யாரும் பயன்படுத்த வேண்டாம். தலைமை ஆய்வாளர்.” கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இயக்குநருக்கும் எழுதிவிட்டேன். கப்பல் வேறு யாருக்காவது போகட்டும்.

வருகிற படகில் ஏறுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.


கரை
ஏப்ரல் 16

தம்பி,

உன் வாக்கியத்தைக் குறிப்புக் கட்டத்தில் அப்படியே ஏற்றிவிட்டேன். கீழே ஒரு வரி நானும் சேர்த்தேன், ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி என்னுடையது என்று. நேற்று பன்னிரண்டாம் பக்கத்தையும் திருத்தி எழுதினேன்.

திங்கட்கிழமை காலை கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அங்கே அட்டை கிடையாது. கருவிக்குள் முகத்தை வைத்து வெளிச்சம் வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்பிக்க முடியாது.

அப்பா விஷயத்தில் உன்னை நான் மன்னிக்கவில்லை. நீ துறையில் படுத்திருந்த இரண்டு நாளையும் மன்னிக்கவில்லை. வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றிச் சண்டை போடுவேன், தயாராக இரு. அலமாரியில் இருந்த தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று நீ சொல்.

முதலில் படகிலிருந்து விழாமல் இறங்கு. துறையில் மூன்று படி. கடைசிப் படியின் இடது ஓரம் உடைந்திருக்கிறது. மேஸ்திரியைத் துணைக்குக் கூட்டி வா, அவர் கையைப் பிடித்துக்கொள், வெட்கப்படாதே. இறங்கியதும் என்னைக் காணோம் என்று தேட வேண்டாம். உன் வலது பக்கம் நிற்பேன்.